கடைசி வண்டி தாண்டியாச்சுங்களா

வாங்க தம்பி, வாங்க. அந்தச் சேருல உக்காராதீங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். இப்பிடி இந்தப் பக்கம் வாங்க. நான் நின்னுக்கறேன். எனக்கு உக்காந்தா முடியறதில்லீங்க. உக்காந்தா எந்திரிக்கோணும்னு இருக்குது, எந்திரிச்சா எங்க போறதுன்னு தெரியறதில்ல. எட்டு மாசமா இதே பொழப்பு. களத்துல தேங்கா நாரு காயுது, மேக்கால வானம் கருத்துட்டு வருது, மழை வந்தா அத்தனையும் வாரிக் கட்டோணும். நீங்க அதப் பத்திக் கவலப்படாதீங்க. உக்காருங்க.

போன்ல சொன்னீங்களே, கோயமுத்தூர்ல புதுசா ஜீப்பு குரூப்பு ஆரம்பிச்சிருக்கறோம், பதினாலு வண்டி, மலையில ஓட்டறதுக்கு வாக்கி டாக்கி எது வாங்கறதுன்னு தெரியல, அதோட ஒரே ஒரு கேள்வி கேக்கோணும்னு. கேளுங்க. அதுக்குத்தான வரச் சொன்னேன். ஆனா பாருங்க தம்பி, கேக்கறதுக்கு முன்னால நான் சொல்றத முழுசாக் கேட்டுக்கிட்டீங்கன்னா உங்க கேள்விக்குப் பதிலு அதுக்குள்ளயே வந்துரும். எல்லாரும் அவசரப்பட்டு நடுவுல கேக்கறாங்க, அங்கதான் கொழப்பம் வருது.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. கடைக்காரன் வாட்டு வாட்டுன்னு பேசுவான். அஞ்சு வாட்டு, பத்து வாட்டு, இருபத்தஞ்சு வாட்டு. நம்ம என்ன பல்பா வாங்கப் போறோம்? மலையில வாட்டெல்லாம் ரெண்டாவதுதான். உங்களுக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவுல ஒரு பாறை நின்னா எத்தனை வாட்டு இருந்தும் மண்ணுதான். ஆன்டெனாதான் முக்கியம். அதக் கூரைக்கு மேல, நட்ட நடுவுல வைக்கோணும். பம்பருல வெச்சீங்கன்னா பாதிச் சத்தத்த வண்டியே முழுங்கிரும். அப்பறம், லைசென்சு இல்லாம வெச்சுக்கறது எது, லைசென்சு வாங்கித்தான் வெச்சுக்கோணும்ங்கறது எதுன்னு வாங்கறதுக்கு முன்னாலயே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, செக்போஸ்ட்டுல நின்னு முழிக்கக் கூடாது. பதினாலு வண்டிக்கும் ஒரே மாடல். ஒருத்தனுக்கு மச்சான் துபாயில இருந்து கொண்டாந்தான், இன்னொருத்தன் ஆன்லைன்ல வாங்குனான்னு விட்டீங்கன்னா, பதினாலு பேரும் பதினாலு பக்கம் கத்திட்டிருப்பீங்க.

அப்பறம் இது போன் இல்லீங்க தம்பி. போன்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சண்டை போடலாம். இதுல ஒருத்தரு பட்டனை அமுத்திப் பேசுனா மத்த அத்தனை பேரும் கேக்கத்தான் முடியும். அவரு பட்டனை விட்டாத்தான் அடுத்த ஆளு. இது தெரியாமயே பாதிப் பேரு வாங்கறாங்க. எனக்கு இதெல்லாம் அத்துப்படி. எங்க பொள்ளாச்சி குரூப்புல ஒன்பது வண்டிக்கும் செட்டு பாத்து வாங்குனது நாந்தான். ஆறு வருசம் முன்வண்டி ஓட்டுனது நாந்தான். இன்னைக்கு அந்தக் குரூப்புல நான் இல்ல. எடுத்துட்டாங்க. வாட்சப்புல தெய்வசிகாமணிய நீக்கியாச்சுன்னு ஒரே ஒரு வரி. ஆறு வருசத்துக்கு ஒரு வரி! சரி, போகட்டும், அது கூட எனக்குப் பெரிசில்ல. என்ற பொண்ணு என்னோட பேசி எட்டு மாசமாச்சுங்க. அதுதான் தாங்க முடியல.

சிந்துஜான்னு பேரு. ஒரே பொண்ணு. கோபிப் பக்கம் கட்டிக் குடுத்தோம், வருசம் திரும்பறதுக்குள்ள பொட்டியத் தூக்கிட்டு வந்துட்டா. அதுக்கு அப்பறம் வரேன். வண்டி ஓட்டறதுல அப்படியே என்னய மாதிரி. இல்லீங்க, பொய் எதுக்கு, என்னய விட ஒரு படி மேல. நான் ஆக்சிலேட்டர மிதிச்சுத் தாண்டற எடத்த அவ பிரேக்குலயே தாண்டிருவா. இத நான் அவகிட்டச் சொன்னதில்ல. புள்ளைகள நேருல புகழக் கூடாதும்பாங்க.

ஒரு நிமிசம் தம்பி, போனு... இல்ல, எவனோ லோன் வேணுமாங்கறான்.

எங்க விட்டேன்? ஆங். எங்க குரூப்புல ஒரு பழக்கமுங்க. இத நீங்களும் வெச்சுக்கோங்க. ஓடையோ, சறுக்கலோ, மோசமான எடம் எதுன்னாலும் முன்வண்டி தாண்டி அக்கட்டால போயி நின்னுரும். ஒவ்வொண்ணா வரும். கடைசி வண்டி தாண்டுனதும் அதுல இருக்கறவங்க ரேடியோல சொல்லோணும், கடைசி வண்டி தாண்டியாச்சுன்னு. அந்தச் சத்தம் காதுல விழுந்தாத்தான் முன்வண்டி நகரும். அது வரைக்கும் எமன் வந்து கூப்புட்டாலும் நகரக் கூடாது. அவ திரும்பி வந்ததுல இருந்து கடைசி வண்டி எப்பவும் சிந்துஜாதான். அவ சொல்லுவா, கடைசி வண்டி தாண்டியாச்சுங்கப்பான்னு. நான் சத்தம் போடுவேன், ஏ அம்மிணி, எல்லாரும் கேக்கற லைனுல அப்பாங்காத, லீடருன்னு சொல்லுன்னு. சிரிப்பா. அடுத்த ஓடையிலயும் அப்பான்னுதான் சொல்லுவா. மத்தவங்களும் சிரிப்பாங்க. எனக்கு வெளியில கோவம், உள்ளுக்குள்ள... சரி விடுங்க.

செட்டு எடுத்த கதையச் சொல்லோணுமில்ல. இதே ஷெட்டுல, இதே மேசையிலதான் கடைக்காரரு மூணு சேம்பிள் கொண்டாந்து வெச்சாரு. ஒண்ணு கைக்கு அடக்கமா இருக்கற சின்ன செட்டு, ஒரு வளைவு தாண்டுனா மூச்சு நின்னுரும். ரெண்டாவதும் கையில புடிக்கறதுதான், கொஞ்சம் பலமானது, தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. மூணாவது வண்டியில பொருத்தறது, கூரையில ஆன்டெனா, சுருள் ஒயரு போட்ட மைக்கு. எல்லாரும் பாத்தோம், தொட்டோம், ஒரு ரவுண்டு டீ குடிச்சோம். சிந்துஜா ரெண்டாவத எடுத்தா. அப்பா, இது போதும், கையில எடுத்தாத்தான் பேசும், கீழ வெச்சா சும்மா கெடக்கும், வண்டிய விட்டு எறங்கி நடந்தாலும் கூடவே வருமுங்கன்னா. எல்லாரும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டறாங்க. நான் மூணாவதத்தான் எடுக்கோணும்னேன். முன்வண்டியில இருக்கறவன் வழியெல்லாம் சொல்லிட்டே போகோணும் தம்பி. இடது சக்கரத்துக்குக் கீழ கல்லு இருக்குது, வலதுல மண்ணு சரியுது, செகண்டு கியரப் போடு, கிளச்ச விடாதன்னு. ஒருத்தன் வாயி ஓயாமச் சொன்னாத்தான் எட்டுப் பேரு பொழைப்பாங்க. அதுக்குக் கை செட்டு எங்க காணும்? பாட்டரி மத்தியானமே படுத்துரும்.

அதுல ஒரு சனியன் புடிச்ச சமாச்சாரம் உண்டு. யாராவது பட்டனை ஒரு நிமிசத்துக்கு மேல அமுத்தியே இருந்தா செட்டு பீப்புனு கத்திட்டுத் தானா கட்டாயிரும். கம்பெனியிலயே அப்பிடி வெச்சு அனுப்பறாங்களாம். சேம்பிள் ஓட்டிப் பாக்கறப்ப நான் பாட்டுக்குப் பேசிட்டே போறேன், திரும்பி வந்து எப்பிடிடா இருந்துச்சுன்னு கேட்டா, ஒரு நிமிசத்துக்கு அப்பறம் ஒண்ணுமே கேக்கலீங்கறாங்க. எனக்குப் பொக்குன்னு ஆயிப்போச்சு. மனுசன் பேசறத மெஷினு வெட்டுமா? சிந்துஜா சொன்னா, அது இருக்கட்டும்ப்பா, நல்லதுக்குத்தான வெச்சிருக்காங்கன்னு. நான் கடைக்காரருகிட்ட ஒன்பது செட்டுலயும் அத எடுத்துரச் சொல்லிட்டேன். நீங்களும் எடுத்துருங்க தம்பி. பேச்சு பாதியில அந்து போனா அத விட அவமானம் வேற இல்ல. நீங்க என்னமோ சொல்ல வரீங்க. இருங்க, நான் முடிச்சுக்கறேன்.

ஏ ராமாத்தா! தூத்தல் விழுகுதா பாரு! விழுகுதுன்னா தார்ப்பாயி எடுத்துப் போடுங்க, நான் வந்துதான் சொல்லோணுமா?... இல்லையாமா. மேகம் வால்பாறைப் பக்கம் ஒதுங்குது. நல்லது.

இப்ப அந்த ஆவணி மாசச் சங்கதிக்கு வரேன். ஒரு எஸ்டேட்டுல அனுமதி வாங்கிட்டு ஒன்பது வண்டியும் போயிருந்தோம். நல்ல மழை பேஞ்சு விட்டிருந்துச்சு, பாதையெல்லாம் வெண்ணெயாட்டம் வழுக்குது. என்ற பக்கத்து சீட்டுல வெள்ளிங்கிரி. முப்பது வருசப் பழக்கம், நார் மில்லு அவனும் நானும் ஒரே வருசத்துல போட்டோம். அவன் பேச மாட்டான், கேட்டுக்குவான். பேச்சுத் துணைக்கு அவனாட்டம் ஆளு கெடையாதுங்க.

ஒரு ஓடையத் தாண்டி வழி சொல்லி முடிச்சு, கடைசி வண்டி தாண்டியாச்சுன்னு அவ சொன்னதையும் கேட்டுட்டு மைக்கக் கீழ வெச்சேன். கொக்கியில மாட்டலாம்தான். அடிக்கடி எடுக்கற பொருள எவன் கொக்கியில மாட்டுவான்? சீட்டுலயே போட்டுக்குவேன், அதுதான் எனக்கு வாட்டம். அது எப்பிடியோ உருண்டு என்ற தொடைக்கடியில போயிருச்சு. பட்டன் அமுந்திக்கிச்சு. அமுந்தியிருந்தா செட்டுல செவப்பு லைட்டு எரியும். தூசி போகுமேன்னு செட்டு மேல துண்டு போட்டு மூடி வெச்சிருந்தேன். யாரைக் குத்தஞ் சொல்ல முடியும்? மைக்கு செய்யறவன் பட்டன கொஞ்சம் கெட்டியாச் செஞ்சிருக்கலாமுங்களா இல்லீங்களா?

இருபத்தஞ்சு நிமிசமுங்க. இருபத்தஞ்சு நிமிசம் நான் பேசுனது மத்த எட்டு வண்டியிலயும் கேட்டிருக்குது. மத்தவங்க பேசறது ஒருத்தருக்கும் கேக்கல. நான் வெள்ளிங்கிரிகிட்டச் சொல்றேன், பாத்தியா, ஒருத்தனாவது குறுக்கப் பேசறானா, என்ன டிசிப்ளின் பாத்தியான்னு. பின்னால ஹாரன் அடிக்கறாங்க, லைட்டப் போட்டுப் போட்டு அணைக்கறாங்க. இவனுகளுக்கு என்ன அவசரம், சோத்துக்குப் பறக்கறானுகளான்னு நான் இன்னும் வெரசா ஓட்டறேன். அடுத்த சறுக்கல் வந்துச்சு. தாண்டி நின்னேன். கடைசி வண்டி தாண்டியாச்சுன்னு சத்தம் வரல. கொஞ்ச நேரம் பாத்தேன். சரி, மறந்திருப்பா, இவளுக்கு எதுதான் ஞாபகம் இருக்குதுன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன். ஆறு வருசத்துல அன்னைக்கு ஒரு நாளுதான் தம்பி நான் கேக்காம நகந்தது.

என்ன பேசுனேன்னு கேப்பீங்க. கேக்கலீன்னாலும் சொல்றேன், ஊருக்கே தெரிஞ்சதுதான. அவளப் பத்தித்தான் பேசுனேன். ஒரு வருசங்கூட ஒரு எடத்துல நிக்க முடியல இவளால, கல்யாண வீட்டுக்குப் போனா பொண்ணு எங்க இருக்குதுன்னு கேக்கறாங்க, நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பதிலு சொல்றதுன்னேன். இவ வாயடைக்கறதுக்குத்தான் வண்டியக் குடுத்தேன், எடைஞ்சலா இருக்க வேண்டாம்னு கடைசியில போட்டேன்னேன். அப்பிடியெல்லாம் இல்லீங்க தம்பி. நல்லா ஓட்டறவங்களத்தான் கடைசியில போடுவோம், உங்களுக்கே தெரியும். ஆனா பேச்சுவாக்குல அப்பிடித்தான் வந்துச்சு.

அதோட விட்டிருக்கலாம். மாப்ள கை நீட்டறான்னு அவ வந்தப்பவே சொன்னா. ஒரு தடவை ரெண்டு தடவை நடந்திருக்கும், எந்த வீட்லதான் நடக்கல, அதுக்குப் பொட்டியத் தூக்குவாங்களான்னு வெள்ளிங்கிரிகிட்டக் கேட்டேன். மாப்ளகிட்டப் பேசிட்டேன், அடுத்த வெள்ளிக்கெழமை அவனோட அப்பன் ஆத்தாவோட வரச் சொல்லியிருக்கறேன், நாலு பேரு முன்னால வெச்சா இவ மறுக்க மாட்டா, அது வரைக்கும் அவளுக்குத் தெரிய வேண்டாம், எங்கூட்டுக்காரிக்கும் தெரிய வேண்டாம்னேன். ரகசியமா அவன் காதுகிட்டக் குனிஞ்சு சொன்னேங்க. எட்டு வண்டியில கேட்டிருக்குது.

பெத்தவன் அப்பிடித்தான தம்பி ரோசனை பண்ணுவான்? அவ நல்லதுக்குத்தான? நீங்களே சொல்லுங்க... இருங்க, அப்பறம் சொல்லுங்க.

கடைசியில ரெண்டாவது வண்டிக்காரன் வண்டிய நிறுத்திட்டுச் சேத்துல ஓடியாந்து என்ற கண்ணாடியத் தட்டுனான். அண்ணா, மைக்கு, மைக்குன்னு கத்தறான். மூச்சு வாங்குது அவனுக்கு. தொடையத் தூக்கிப் பாக்கறேன், மைக்கு. எடுத்து வெளியில வெச்சேன். வெச்ச நொடியில செட்டுல இருந்து அவ குரலு வந்துச்சு.

கடைசி வண்டி தாண்டலைங்க, லீடர்.

அவ்வளவுதான் சொன்னா. அழுகலீங்க. கத்தலீங்க. லீடருங்கறா.

அந்த ஓடைக்கு அப்பறம் ஒரு வளைவுல மண்ணு சரிஞ்சு அவ வண்டி பள்ளத்துப் பக்கம் சாஞ்சு ஒரு சில்வர் ஓக்கு மரத்துல முட்டி நின்னிருக்குது. மரம் இல்லீன்னா... வேண்டாமுங்க, எனக்கு அத நெனைக்க முடியல. முன்னால போன வண்டி வளைவத் தாண்டிருச்சு. வலது மணிக்கட்டு கதவுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவுல மாட்டி ஒடைஞ்சிருக்குது. இடது கையில மைக்க எடுத்து கூப்புட்டிருக்கறா. எத்தன தடவை கூப்புட்டாளோ, அப்பா நில்லுங்க, அப்பா நில்லுங்கன்னு. அவ பட்டனை விட்டா நான் பேசறது அவளுக்குக் கேக்குது. கூப்புடறா, விடறா, கேக்கறா. இருபத்தஞ்சு நிமிசம். அதுல வெள்ளிக்கெழமை சமாச்சாரமும் கேட்டாச்சு.

தண்ணி குடிங்க தம்பி. நான் குடிச்சுக்கறேன் முதல்ல.

ஆஸ்பத்திரியில கைக்குப் படம் எடுத்தாங்க. டாக்டரம்மா படத்தப் பாத்துட்டே கேக்கறாங்க, மணிக்கட்டு புதுசு, சரி, இந்த ரெண்டு விரல்லயும் பழைய முறிவு இருக்குதே, ஒரு வருசம் இருக்கும், சரியாக் கூடல, அப்ப யாருகிட்டயும் காட்டலையா, எப்பிடி ஆச்சுன்னு. சிந்துஜா என்னய ஒரு பார்வை பாத்தா. அவ்வளவுதான். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

எந்த வீட்லதான் நடக்கலன்னு கேட்டவன் நானு. என்ற வீட்ல நடக்கல. நான் எங்கூட்டுக்காரி மேல ஒரு நாள் கை வெச்சதில்ல. எனக்கு எப்பிடித் தம்பி தெரியும், விரல ஒடைப்பாங்கன்னு? அவ கை நீட்டறான்னுதான சொன்னா? வெவரமாச் சொல்லியிருக்கலாமில்ல? எங்கூட்டுக்காரி கேக்கறா, நீங்க எப்ப அவளச் சொல்ல விட்டீங்கன்னு. நான் என்ன அவ வாயப் பொத்துனனா? அவ வந்து நின்ன அன்னைக்கு, ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சு நிதானமா அவளுக்கு எடுத்துச் சொன்னேன். கோவிக்கக்கூட இல்ல.

கையில கட்டோட கோயமுத்தூருக்குப் போயிட்டா. ஏதோ ஒரு கம்பெனியில டிசைன் வேலை, ஹாஸ்டல்ல தங்கறா. இங்க அவ ஆத்தாளுக்கு மட்டும் தெனமும் போன் வரும். இவ போன எடுத்துட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போயிருவா. நான் பின்னாலயே போயி நிப்பேன். என்ன சொல்றா, என்ன சொல்றான்னு கேட்டா, ஒண்ணுமில்லீங்க, சோறு தின்னாளாம்பா. எட்டு மாசமாச் சோறு தின்ன சேதி மட்டும்தான் எனக்கு.

இந்தக் குரூப்புக்காரங்க அதுக்கு மேல. மறுவாரமே கூட்டம் போட்டாங்க, என்னயக் கூப்புடாம. வெள்ளிங்கிரிய லீடராக்கிட்டாங்க. செட்ட எல்லாம் கழட்டிட்டு கையில புடிக்கறத வாங்கியாச்சாம். தவளை தன் வாயால கெடும்பாங்க, அந்தாளு வாயே தொறக்காம லீடராயிட்டான் பாருங்க. ரேடியோல ஒரு ஓடைக்கு ரெண்டு வார்த்தைதான் பேசறானாம். நில்லு, வா. இது ஒரு வழிகாட்டற லட்சணமா? ஆனா ஒண்ணு, எட்டு மாசத்துல ஒரு வண்டிக்கும் ஒரு கீறல் விழலீங்கறாங்க. அது அவனோட அதிர்ஷ்டம்.

நான் சும்மா இருக்கல தம்பி, நீங்க அப்பிடி நெனைச்சுக்கக் கூடாது. அவ போன மறுவாரம், அந்த வெள்ளிக்கெழமை வரதுக்கு முன்னாலயே, மில்லுக்கு பெல்ட்டு வாங்கப் போறேன்னு எங்கூட்டுல சொல்லிட்டு, நேரா கோபிக்குப் போனேன். மாப்ள வீட்டு வாசல்ல நின்னேன். வாங்க மாமா உள்ள வாங்கங்கறான். வர மாட்டேன்டா, இனி நீயும் என்ற வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது, என்ற பொண்ணு பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது, மீறுனா போலீசுக்குப் போவேன்னேன். அவனோட அப்பன் சமாதானம் பேச வந்தாரு. உங்க பையன் ஒடைச்ச விரல எண்ணிட்டு அப்பறம் பேசுங்கன்னேன். என்ற வாழ்க்கையில அவ்வளவு சுருக்கமா நான் பேசுனதே இல்லீங்க. திரும்பி வரப்ப வண்டிய ஓரமா நிறுத்திட்டு அழுதேன். ஆம்பள அழுகறதான்னு கேக்காதீங்க. அழுதேன்.

இது சிந்துஜாவுக்குத் தெரியாது. அவ இன்னும் நான் அவனுக்குப் பின்னால நின்னுட்டிருக்கறேன்னு நெனைச்சுட்டிருப்பா. அவ ஆத்தாகிட்டச் சொல்லி அனுப்பலாம்தான். ஆனா அது நான் சொல்ல வேண்டியது. மொதல்ல இருந்து, ஏன் அப்பிடி நெனைச்சேன், எதுனால அவன வரச் சொன்னேன், எல்லாத்தையும் வரிசையாச் சொன்னாத்தான அவளுக்கு என்ற பக்கம் புரியும்? போன் எடுக்க மாட்டீங்கறா. வாட்சப்புல பேசி அனுப்பறேன். ஒண்ணு ரெண்டில்ல, நாப்பது அனுப்பியிருப்பேன். கோபிக்குப் போனதையும் சொல்லியிருக்கறேன். பதினோரு நிமிசம் பேசுனதுல ஒன்பதாவது நிமிசத்துல வருது அது. நானே போட்டுக் கேட்டுப் பாத்தேன், நல்லாத்தான் சொல்லியிருக்கறேன். அவ கேக்கல. மொத நிமிசத்துலயே நிறுத்திருவாளோ என்னமோ. எங்கூட்டுக்காரி சொல்றா, நீங்க ஒரு மாசம் ஒண்ணும் பேசி அனுப்பாம இருந்து பாருங்களேன்னு. அதெப்பிடிங்க? பேசாம இருந்தா அப்பன் மறந்துட்டான்னு நெனைச்சுக்க மாட்டாளா?

ராத்திரியில தூக்கம் இல்ல, பகல்ல உக்கார முடியல. கோயமுத்தூருக்கே போயி அவ ஹாஸ்டல் வாசல்ல நின்னுரலாம்னு நாலு தடவை வண்டிய எடுத்தேன். கிணத்துக்கடவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். எதுல ஆரம்பிக்கறதுன்னு ரோசிச்சுட்டே போவேன், ஆரம்பம் நல்லாவே அமையறதில்ல.

என்னங்க தம்பி, கையத் தூக்கறீங்க பள்ளிக்கூடத்துப் பையனாட்டம்? எந்திரிச்சுட்டீங்க. நேரமாயிருச்சா? சரி, அந்த ஒரே கேள்வி. கேளுங்க, கேளுங்க. கை செட்டா, பொருத்தற செட்டா, அதுதான?

ரேடியோவப் பத்தி இல்லீங்களா? பின்ன?

யாரு... சிந்துஜாவா? உங்க குரூப்புல சிந்துஜா இருக்கறாளா? என்ற சிந்துஜாவா? ஓட்டறாளா? கையி வளையுதுங்களா நல்லா? ரேடியோ பத்திக் கேக்கறதுன்னா எங்கப்பாவ விட்டா ஆளில்லன்னு அவளா சொன்னா? அவ வாயால சொன்னாளா?

எங்க இருக்கறாளா? கேட்டுக்கு வெளியவா? வண்டியிலயா? இங்கயா? எப்ப இருந்து? நீங்க வந்ததுல இருந்தா? ஏந்தம்பி, வந்ததும் சொல்ல வேண்டாமுங்களா இத? ஒரு மணி நேரமாச்சு, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க உங்களுக்கு? வெயில்ல எம் பொண்ணு ஒரு மணி நேரமா... நகருங்க, நகருங்க, நான் போறேன்.

என்ன? வரக் கூடாதுன்னாளா?

கேள்விக்குப் பதிலு வாங்கிட்டு வரச் சொன்னாளா. உங்ககிட்டயா. சரி. என்ன கேள்வி?

கோபிக்காரன இன்னும் வரச் சொல்லிட்டிருக்கறீங்களா.

ஆமாவா இல்லையா. அது மட்டும் போதும்னாளா. வேற ஒண்ணும் கேட்டுட்டு வர வேண்டாம்னாளா.

சரிங்க தம்பி. அதாவது, அது எப்பிடின்னா, அன்னைக்கு டாக்டரம்மா படத்தப் பாத்துட்டு, நான் பின்னால நின்னுட்டிருந்தேன், அப்ப எனக்கு...

...

இல்ல.

இல்லைன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். போங்க.

நானும் கூட வரோணுமுங்களா? வேண்டாம் தம்பி. நீங்க போங்க. நான் வந்தா பேசிப்போடுவேன்.